பழைய ஊர்கள் வழியாக ஒரு நாள் சைக்கிள் சுற்று: பாலத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: "வார இறுதிகளில் 40 கிலோமீட்டர் வரை பெரிய சிரமம் இல்லாமல் ஓட்டுகிறேன். இருப்பது மெல்லிய டயர் போட்ட சாலை சைக்கிள். இரண்டு மூன்று பழைய ஊர்களையும் நடுவில் வயல்வெளியையும் பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே ஒரே நாளில் திரும்பி வரும்படி ஒரு சுற்று போட வேண்டும். உயிரை வாங்கவும் கூடாது, சப்பென்றும் இருக்கக் கூடாது. எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?"

பாலங்களிலிருந்து தொடங்குங்கள். ஊர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் வரைபடத்தில் பிடித்த ஊர்களைக் குறித்துவிட்டு, செயலியிடம் "இவற்றை இணைத்துக் கொடு" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஊர்கள் அழகாகவே இருந்தன. ஆனால் அன்றைய நாளைக் கெடுத்தது எப்போதும் ஒரே மாதிரியான இரண்டு மூன்று கிலோமீட்டர்தான்: ஆற்றைக் கடக்க அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே பாலம், அதில் வரிசையாக லாரிகள், ஒதுங்க ஓர் அடி இடம்கூட இல்லை. ஊர்ச்சாலைகள் நூறு இருக்கலாம், ஒன்று சரியில்லை என்றால் பக்கத்துச் சாலைக்கு மாறலாம். பாலத்துக்கு மாற்று கிடையாது. அடுத்த பாலம் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆறு, ரயில் பாதை, விரைவுச்சாலை மூன்றுக்கும் இது பொருந்தும். எங்கே எதைக் கடக்கலாம் என்பதுதான் உங்கள் சுற்றின் உண்மையான எல்லை. ஆகவே முதல் வேலையாக, வீட்டைச் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள எல்லாப் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் குறியுங்கள். ஒவ்வொன்றையும் தெருப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) திறந்து பாருங்கள். ஓரத்தில் இடம் இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா, பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய பாலம் ஏதாவது நிற்கிறதா என்று கவனியுங்கள். புதுப் பாலம் கட்டும்போது பழையதை இடிக்காமல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவைத்த இடங்கள் நிறைய உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றியே மீதியை அமைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஊர்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பல நேரம் பதில் பாலம்தான், அல்லது பாலம் வருமுன் இருந்த ஆழமற்ற துறை. வண்டி ஆற்றில் இறங்கி ஏறக்கூடிய இடத்தில் கூட்டம் நின்றது, சத்திரம் வந்தது, சந்தை வந்தது, வரி வாங்க ஒரு காவல் வந்தது, அதைக் காக்க மதில் வந்தது. ஆக, பாலங்களைக் குறித்து முடிக்கும்போது பாதி ஊர்கள் தாமாகவே வரைபடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மீதிப் பாதி குன்றின் மேல் இருக்கும். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் கால் வலியின் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொன்னால் இது தெளிவாகும். ஆஸ்திரியாவில் டான்யூப் ஆறு மெல்க், கிரெம்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வாஹாவ் என்று பெயர், 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மெல்க்கில் ஆற்றுக்கு மேலே பாறையில் பெனடிக்டைன் கிறித்தவத் துறவியரின் பெரிய மடம், வடகரையில் ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஹன் என்று படிப்படியாக எழும் திராட்சைத் தோட்டங்களின் அடியில் சிற்றூர்கள், அப்புறம் டூர்ன்ஷ்டைன். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 கடைசியில் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு அதற்கு மேலே நிற்கிறது. பாலங்கள் இரண்டு முனைகளிலும்தான் உண்டு, இடையில் படகுத்துறைகள் மட்டுமே. ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பினால் சுமார் 75 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். கேள்வியில் கேட்ட சுற்று இயற்கையாகவே அங்கே வரைந்து கிடக்கிறது.

இப்போது எந்த ஊரில் தொடங்கி எந்தப் பக்கம் போவது? அந்தப் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்துதான் காற்று அதிகம் வீசும். ஆறோ மேற்கே மெல்க்கிலிருந்து கிழக்கே கிரெம்ஸுக்கு ஓடுகிறது. நான் கிரெம்ஸில் தொடங்குவேன். காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போது, தென்கரையில் மேற்கு நோக்கி எதிர்காற்றில் போவேன். தென்கரையில் நின்று பார்க்க வேண்டியவை குறைவு, வண்டிகளும் குறைவு, மிதிக்க மட்டும் ஏற்ற கரை. பாதித் தூரத்தில் மெல்க். அங்கே ஓய்வு, சாப்பாடு, மடம். மதியத்துக்கு மேல் பாலம் கடந்து வடகரையில், காற்று முதுகில் தள்ள, ஊர் ஊராக நின்று நின்று திரும்பலாம். அந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இந்தத் திசையில் போனால் போகும்போதும் வரும்போதும் ஆறு நம் பக்கமாகவே இருக்கும். மாலையில் கிழக்கு நோக்கி ஓட்டுவதால் வெயிலும் கண்ணில் அடிக்காது. அதே சுற்றை மெல்க்கில் தொடங்கி வடகரை வழியாகப் போனவருக்குக் காலையிலேயே எல்லா ஊர்களும் முடிந்துவிடும். மிச்சம் இருப்பது களைத்த காலும் 35 கிலோமீட்டர் எதிர்காற்றும் மட்டும். சாலை அதேதான், திசையும் தொடங்கும் இடமும் மாறியதில் நாளே வேறாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை உங்கள் ஊரிலும் போடலாம். முதலில் காற்று. எதிர்காற்றில் இழப்பதைப் பின்காற்றில் மீட்டுவிடலாம் என்று தோன்றும், ஆனால் முழுதாக மீட்க முடியாது. காற்றில்லாத நாளில் மணிக்கு 24 கிலோமீட்டர் போகிறவர் 60 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடிப்பார். எதிர்காற்றில் வேகம் 18 ஆகி, பின்காற்றில் 30 ஆனால், முதல் 30 கிலோமீட்டருக்கு 1 மணி 40 நிமிடம், அடுத்த 30க்கு 1 மணி. மொத்தம் 2 மணி 40. பத்து நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அன்றைய சவாரியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நேரம் காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது, அதை வெல்லத் தேவையான சக்தி அதைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால் கடைசி 20 கிலோமீட்டரை எதிர்காற்றில் வைப்பதுதான் சுற்றுத் திட்டத்தில் நான் மிகவும் அஞ்சும் பிழை. வெயில் ஏறி நிலம் சூடானபின் காற்று பலமாவதும் வழக்கம். கடற்கரைப் பக்கமாக இருந்தால் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று வரும், எனவே காலையில் கடலை நோக்கிப் போய் மாலையில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்படி வையுங்கள்.

அடுத்து, சாலையில் எந்தப் பக்கம் ஓட்டும் நாடு என்பது. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கத் திருப்பங்களாக அமையும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் ஓடும் நாட்டில் நேர்மாறு. நடுவில் ஏரி இருந்தால் இது இன்னும் முக்கியம். ஜப்பானில் பிவா ஏரியைச் சுற்றும் 200 கிலோமீட்டர் பாதையைக் கடிகார எதிர்த்திசையில் ஓட்டச் சொல்வது இதனால்தான்: அங்கே இடப்பக்கப் போக்குவரத்து, அப்படி ஓட்டினால் ஏரி எப்போதும் உங்கள் பக்கத்தில் இருக்கும், குறுக்குச் சாலைகள் எல்லாம் மறுபக்கத்தில் போய்விடும். காற்றும் இதுவும் முரண்பட்டால் என்ன செய்வது? போக்குவரத்து குறைந்த சாலைகள் என்றால் காற்றுக்கு முதலிடம் கொடுங்கள். நெரிசல் உள்ள இடம் என்றால் திருப்பங்களுக்கு.

சரி, இப்போது ஊர்களுக்கு இடையிலான சாலை. இரண்டு பழைய ஊர்களுக்கு நடுவே இன்று ஒரு நெடுஞ்சாலை இருக்கும், பெரும்பாலும் ஊரைத் தொடாமல் புறவழியாகப் போகும். அதற்கு முன்பு அந்த இரு ஊர்களையும் இணைத்த சாலை எங்கே போயிற்று? பல இடங்களில் அது இன்னும் இருக்கிறது. நம்பர் மாறியிருக்கும், சில துண்டுகள் நெடுஞ்சாலைக்குள் மறைந்திருக்கும், ஆனால் மீதி அப்படியே கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நெடுஞ்சாலைக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, வளைந்து வளைந்து, ஒவ்வொரு சிற்றூரின் நடுவிலும் புகுந்து வெளியேறும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா? சிற்றூர்களின் வழிபாட்டிடங்களும் குளங்களும் பழைய கட்டடங்களும் புதிய சாலையைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கின்றனவா? ஊரின் பழைய வாசலிலிருந்து வெளியே போகும் தெருவுக்கு அடுத்த ஊரின் பெயரே வைத்திருக்கிறார்களா? அதுதான் பழைய சாலை. செயற்கைக்கோள் படத்தில் இருபக்கமும் பெரிய மரங்கள் நெருங்கி நின்று சாலையே தெரியாமல் போனால் இன்னும் நல்லது. வண்டி மாடும் குதிரையும் நடந்த சாலை அது, தண்ணீரும் நிழலும் எங்கே வேண்டுமோ அங்கெல்லாம் தொட்டுப் போகும். சைக்கிளுக்கும் அதே தேவைகள்தான்.

இந்தப் பழைய ஊர்களின் இடைவெளியும் தற்செயல் இல்லை. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிராக்டனின் பெயரில் வரும் ஒரு விதி உண்டு: ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் குறைந்தது ஆறும் மூன்றில் இரண்டு பங்கும் மைல் இருக்க வேண்டும். காரணம் மிக எளிமையானது. ஒரு மனிதனின் ஒரு நாள் பயணம் 20 மைல். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு சந்தைக்குப் போக, இரண்டாவது பங்கு நேரம் வாங்கவும் விற்கவும், மூன்றாவது இருட்டுமுன் வீடு திரும்ப. ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு என்றால் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். சைக்கிளில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. கால்நடையாகப் போகிறவருக்காக அமைந்த இடைவெளி, நடுத்தரமாக ஓட்டுபவருக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்து, கையை உதறிவிட்டு, சுற்றிப் பார்க்கும் இடைவெளியாகச் சரியாகப் பொருந்துகிறது. வேறு நாடுகளில் வேறு அளவுகள் இருக்கும், ஆனால் நடையையும் வண்டியையும் வைத்து உருவான எந்த நிலப்பரப்பிலும் இப்படி ஒரு சீர் தட்டுப்படும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் நிறுத்தங்களை நீங்கள் தனியாக யோசிக்கவே வேண்டாம்.

பழைய சாலை எல்லாமே மென்மையானவை என்று மட்டும் எண்ண வேண்டாம். ரோமானியர் போட்ட சாலை ஐரோப்பாவில் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கீறியது போல நேராக ஓடும், வழியில் மேடு வந்தால் பல இடங்களில் அதன் மேலேயே ஏறிவிடும். வளைந்து போகும் சாலை பெரும்பாலும் ஏற்றத்தைத் தவிர்க்க வளைந்தது. வரைபடத்தில் ஒரே உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு போகும் சாலையைப் பார்த்தால் அங்கே செங்குத்தான துண்டு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிர் ரயில் பாதை. ரயில் எஞ்சினால் 2, 3 சதவீதத்துக்கு மேல் ஏறுவது கடினம் என்பதால், கைவிடப்பட்ட ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருந்தால் அது மலைப்பகுதியிலும் மெல்லவே ஏறும். ஸ்பெயினில் 1993இலிருந்து இதையே ஒரு தேசியத் திட்டமாகச் செய்துவருகிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் குன்றின் மேல் உள்ள ஊருக்குப் போக அதைத் தேடுங்கள்.

"நடுத்தரம்" என்பதற்கு வருவோம். தூரத்தை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். 5 மீட்டருக்குக் கீழே என்றால் சமதளம் மாதிரி. 10 மீட்டரைத் தாண்டினால், அதாவது 100 கிலோமீட்டருக்கு 1000 மீட்டர் என்றால், மலைச் சவாரி. 40 கிலோமீட்டர் சுலபமாக ஓட்டும் உங்களுக்கு 60 முதல் 65 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 முதல் 450 மீட்டர் என்பது என் கணிப்பு. நடுவில் ஊர்களில் இறங்கி நடப்பதால் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தூரம் தாங்கும்.

மொத்த ஏற்றத்தைவிட முக்கியமானது எந்தத் துண்டு எவ்வளவு செங்குத்து என்பது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 130 வாட் வேண்டும், பேச்சு வரும் அளவுக்கு ஓட்டக்கூடியது. 10 சதவீதத்தில் அதே வேகத்துக்கு 240 வாட்டுக்கு மேல். பயிற்சி இல்லாதவரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. அதனால் வேகத்தைப் பாதியாக்க வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டரில் சைக்கிள் தள்ளாடும், கடைசியில் இறங்கித் தள்ளுவோம். குன்றின் மேல் மதில் கட்டிய ஊர்களில் கடைசி ஒரு கிலோமீட்டர் இப்படித்தான் இருக்கும், எதிரி சுலபமாக ஏறி வரக் கூடாது என்றுதானே அங்கே கட்டினார்கள். அப்படிப்பட்ட ஊர் சுற்றில் ஒன்று போதும், அதையும் முதல் பாதிக்குள் வையுங்கள். அந்த ஊருக்கு இரண்டு மூன்று வாசல்கள் இருந்தால், சந்தை வண்டிகள் வந்த வாசல் எது என்று பாருங்கள். பாரம் ஏற்றிய வண்டி ஏறிய வழியே உங்களுக்கும் நல்ல வழி. கியர் பற்றி ஒரே ஒரு வார்த்தை: முன்னால் சின்ன சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்திலும் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 முறை மிதித்து மணிக்கு ஏழரை கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். பின்னால் 25 அல்லது 28தான் என்றால் குன்றைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

செயலி காட்டும் ஏற்றக் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே பாதையை இரண்டு செயலிகளில் போட்டால் இரண்டு விடை வரும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி, பூமியின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. பல வரைபடங்களின் உயரத் தகவலுக்கு இன்றும் அதுவே அடிப்படை. அதன் கட்டம் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. பாறைச் சரிவின் அடியில் ஆற்றோரமாகப் போகும் சமதளச் சாலைக்குப் பக்கத்துப் பாறையின் உயரம் ஒட்டிக்கொள்ளும், உடனே செயலியில் ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கம் தெரியும். பாலத்தில் போகும்போது பள்ளத்தில் இறங்கி ஏறியதாகக் காட்டும், சுரங்கத்தில் போனால் மலை மேல் ஏறியதாகக் காட்டும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் திட்டமிடும்போது கூர்மையான சின்னச் சின்ன முட்களைக் கழித்துவிட்டு, நீளமாக எழும் மேடுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சாலையின் தரம் பற்றியும் செயலி தவறு செய்யும். பல செயலிகளுக்கு அடிப்படையான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற வரைபடம் 2004இலிருந்து ஆர்வலர்கள் சேர்த்துச் சேர்த்து உருவானது. சாலை தாரா, கல்லா, மண்ணா என்பதை யாராவது பதிந்திருந்தால்தான் தெரியும். பதியாத சாலையைச் சில செயலிகள் நல்ல சாலை என்றே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளைச் சரளைச் சாலைகள் அப்படியே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைக் காப்பாற்றும் நோக்கத்தில்தான் 1997இல் எரோய்கா என்ற பழங்கால சைக்கிள் சவாரியைத் தொடங்கினார்கள். வரைபடத்தில் சாதாரணச் சாலை போலத் தெரியும், 25 மி.மீ. டயரில் அதன் இறக்கத்தில் போனால் பயம் பிடித்துக்கொள்ளும். கால்வாய்க் கரைகளும் அப்படித்தான். பிரான்சின் மிடி கால்வாய் 1681இல் திறந்தது, 240 கிலோமீட்டர், கார்கசோன் கோட்டை நகரத்தைத் தொட்டுப் போகிறது, வரைபடத்தில் பார்த்தால் சொர்க்கம். ஆனால் கரைப்பாதையின் நீண்ட பகுதிகள் மண்ணும் வேரும்தான், சாலை சைக்கிளுக்கு ஆகாது. செயற்கைக்கோள் படத்தில் தார் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் சீரான ஓரத்தோடு தெரியும். வெளிறி, ஓரம் கலைந்திருந்தால் சரளை. மற்றவர்கள் ஓட்டிய தடங்களைக் காட்டும் வெப்ப வரைபடமும் உதவும், ஆனால் அதில் பிரகாசமான கோடு "நிறைய பேர் போகிறார்கள்" என்று மட்டுமே சொல்லும். அவர்கள் குழுவாக நெடுஞ்சாலை ஓரத்தில் விடியற்காலை வேகப் பயிற்சி செய்பவர்களாகவும் இருக்கலாம்.

ஊருக்குள் கல் பாவிய தெருக்கள் வரும். காய்ந்திருந்தால் தெருவின் நடுவில், சற்று மேடாக இருக்கும் இடத்தில், கையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு போகலாம். நனைந்திருந்தால் இறங்கிவிடுங்கள், சோப்புத் தடவியது மாதிரி இருக்கும். டயர் 28 மி.மீ. போட இடம் இருந்தால் போடுங்கள். 75 கிலோ எடை உள்ளவர் 70 முதல் 75 பிஎஸ்ஐ காற்றில் ஆரம்பித்துப் பார்த்து, பிறகு கூட்டிக் குறைக்கலாம். கல்லாக அடித்து வைத்தால் வேகமாகப் போகும் என்பது பழைய நம்பிக்கை, கரடான சாலையில் அது உடம்பைக் குலுக்கிச் சோர்வடையத்தான் வைக்கும்.

அப்புறம் காலணி. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சாலை சைக்கிள் காலணியின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும், பெடலில் மாட்டுவதற்கான பெரிய பிளாஸ்டிக் கிளீட்டோடு பழைய ஊரில் நடக்கவே முடியாது. கோபுரத்தின் சுருள் படிக்கட்டில் ஏறுவது ஆபத்து, தேய்ந்த கல் தரையில் சறுக்கும். மலை சைக்கிள்காரர்கள் பயன்படுத்தும், அடிப்பாகத்துக்குள் புதைந்திருக்கும் சின்ன கிளீட்டும் அதற்கான பெடலும் இந்த மாதிரி நாளுக்குச் சரி. அல்லது தட்டைப் பெடலும் சாதாரண ஷூவும் போதும். இந்த வேகத்தில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

நேரக் கணக்கு போடும்போது ஊர்களைத் தாராளமாகக் கணக்கில் வையுங்கள். 65 கிலோமீட்டரை மணிக்கு 20இல் ஓட்டினால் 3 மணி 15 நிமிடம். மூன்று ஊர்களில் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம், மற்ற இரண்டுக்கும் அரை அரை மணி. படம் எடுக்க, தண்ணீர் நிரப்ப, வழி பார்க்க 40 நிமிடம். ஒரு பஞ்சருக்கோ வழி தவறியதற்கோ அரை மணி. கூட்டினால் 7 மணி நேரத்துக்குப் பக்கம் வந்துவிடுகிறது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணி. முக்கியமான ஊரை ஐந்தில் மூன்று பங்கு தூரத்தில், 38 அல்லது 40ஆவது கிலோமீட்டரில் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் "இன்னும் நிறைய இருக்கிறது" என்ற பதற்றத்தில் பாதிதான் பார்ப்பீர்கள். கடைசியில் வைத்தால் கதவு சாத்தியிருக்கும், அல்லது உங்களுக்கே பார்க்கும் ஆசை வற்றியிருக்கும். ஒருமுறை ஆறு மாதமாகப் பார்க்க நினைத்திருந்த ஒரு கோட்டையின் வாசலில் மூடிய பிறகு 20 நிமிடம் கழித்துப் போய் நின்றேன். இப்போதும் அந்த மரக்கதவு நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து திறக்கும் நேரம், வார விடுமுறை நாள், சந்தை கூடும் நாள் மூன்றையும் பாதைக்கு முன்பே பார்த்துவிடுகிறேன். சந்தை நாளில் ஊர் உயிரோடு இருக்கும், ஆனால் நடுத்தெருவில் சைக்கிளைத் தள்ளக்கூட வழி இருக்காது.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீரும் வேண்டும். பசி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய சாப்பாட்டை முக்கிய ஊரில் முதலில் முடித்துவிட்டு, அதன்பின் சுற்றிப் பாருங்கள். நடப்பதற்குள் வயிறு லேசாகிவிடும். பார்த்து முடித்துச் சாப்பிட்டுவிட்டு உடனே சைக்கிளில் ஏறினால் அடுத்த 10 கிலோமீட்டர் கனமாக இருக்கும்.

சுற்று என்றால் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்குப் பிடித்தது 8 வடிவம். நடுவில் ஒரு பாலம், அதில் இரண்டு முறை கடப்பது. முதல் வளையம் முடிந்து பாலத்துக்கு வரும்போது வானம் கறுத்திருந்தால், முட்டி வலித்தால், கூட வந்தவர் களைத்திருந்தால், இரண்டாவது வளையத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பெரிய வட்டத்தில் பாதி தூரத்தில் தகராறு என்றால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம்தான். வட்டம்தான் அமைகிறது என்றால் குறுக்கே வெட்டித் திரும்பும் ஒரு சாலையையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ரயில் நிலையம் எங்கே, எந்த ரயிலில் சைக்கிளை ஏற்றலாம் என்றும். வாஹாவில் அந்த வேலையை இடையில் உள்ள படகுகள் செய்கின்றன. ஆனால் படகுக்கு நேரமும் பருவமும் உண்டு, கடைசிப் படகு எப்போது என்பது காகிதத்தில் எழுதிப் பையில் இருக்க வேண்டிய தகவல்.

பாதை முடிவானதும் அதை ஜிபிஎக்ஸ் என்ற பாதைக் கோப்பாக இறக்கிச் சைக்கிள் கணினியிலோ போனிலோ ஏற்றுங்கள். வழியை மறுபடி கணக்கிடும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் மெனக்கெட்டுத் தேடிய பழைய சாலையை விட்டு ஒரு திருப்பம் தவறியதும் அது உங்களை நேராக நெடுஞ்சாலைக்கு இழுத்துப் போகும். கிளம்புமுன் முழுப் பாதையையும் ஒருமுறை பெரிதாக்கிக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் படிக்கட்டு, ஒருவழித் தெரு, வயலுக்குள் முடிந்துபோகும் சாலை எல்லாம் இந்த இருபது நிமிடத்தில் மாட்டிவிடும். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் சைக்கிள் ஓட்டத் தடை உள்ள தெருக்களும் இருக்கும், அங்கே வாசலிலேயே பூட்டிவிட்டு நடப்பதுதான் நல்லது.

இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பி, பம்பு, செயின் இணைப்பான் ஒன்று, பகலிலும் எரியவிட ஒரு பின்விளக்கு, ஊருக்குள் நடக்க நல்ல பூட்டு. இவ்வளவு போதும். அப்புறம் அந்த வாரத்தில் ஒரு நாள், சுற்றின் முதல் பாலம் வரை மட்டும் போய், நீங்கள் கடக்கப்போகும் அதே நேரத்தில் அதன் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று வண்டிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த பாலத்தை வைத்துப் புதிதாகப் போடலாம், அதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.